ஜின் பாட்டில் சேர்க்க வருகிறவர்களுக்கு

பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருப்பாதிரிப்புலியூர் திரும்பும் பிள்ளைகளிடம் சில ஆண்டுகளாக ஜின் பேச்சு கூடியிருக்கிறது. கோவாவில் யார் புதிதாக வடிக்கிறார்கள், எந்தப் பாட்டில் இனி வராது, எவன் அலமாரியில் எது திறக்காமல் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். வடிசாலை ஆய்வுக்கூடம் ஒன்றில் ஸ்பிரிட்டை அளந்தும் முகர்ந்தும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடமும் திறந்தது, திறக்காதது, காலி என்று பாட்டில்கள் உண்டு. அதனால் என்னைத் தேடி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை மொத்தமாக எழுதி வைக்கிறேன். இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் இதைப் படித்துவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள்; அந்த வயதுக்குக் கீழே நம் மாநிலத்தில் மது விற்கக் கூடாது என்பது விதி.

1. பாட்டிலுக்கு முன்னால் சட்டத்தைத் தெரிந்துகொள்.

மஞ்சக்குப்பம் தாண்டி வடக்கே போனால் ஆல்பேட்டை, அப்புறம் பெண்ணையாற்றுப் பாலம், கொஞ்ச தூரத்தில் முள்ளோடை. அங்கிருந்து புதுச்சேரி மாநிலம். வரி வேறு, விலை வேறு, அலமாரியில் இருக்கும் பெயர்களும் வேறு. நம்மூர் டாஸ்மாக்கில் கண்ணில் படாத ஜின் அங்கே வரிசையாக நிற்கும். கை துறுதுறுக்கும். ஆனால் அதை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால் அது கடத்தல். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறவர்களுக்கு நீ ரசிகனா வியாபாரியா என்பது முக்கியமில்லை. பாட்டில் போகும், வண்டியும் போகும், பெயரில் வழக்கு விழும். அந்த வழக்கைப் போடும் சட்டம் 1937-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்து, முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்திய மதுவிலக்குச் சட்டம். எத்தனையோ திருத்தங்களோடு இன்றும் அது உயிரோடுதான் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்கு விதியில் அளவு உண்டு. அதைத் தாண்டினால் உரிமம் வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் கலால் பிரிவு இருக்கிறது, போய்க் கேள். வெட்கப்படாதே. அடுத்தது, உன் அலமாரியில் உள்ள முழு பாட்டிலை நண்பனுக்கு விலைக்குக் கொடுத்தாலும் அது உரிமமில்லாத மது விற்பனை. லண்டனில் ஏலம் நடக்கிறதே என்று சொல்லாதே. இங்கே சேர்ப்பதற்கு வழி இருக்கிறது, விற்பதற்கு வழி இல்லை. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் உன் சேகரிப்பு முழுவதும் வேறு மாதிரி அமையும். விலை ஏறும் என்று எண்ணி ஒரு பாட்டிலும் வாங்க மாட்டாய்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உறவுக்காரர்கள் இருக்கும் ஊர் நம்முடையது. அந்த 2 லிட்டரைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

2. ஜின் எதிலிருந்து வருகிறது என்று பார்.

அதற்கு நீ இங்கிலாந்து போக வேண்டாம், நெல்லிக்குப்பம் வரை போனால் போதும். பாரி கம்பெனி 1842-இல் சர்க்கரை ஆலை வைத்த ஊர். 1897-இல் அந்தத் தொழிலுக்காக உருவான கம்பெனியின் பெயரே கிழக்கிந்திய வடிசாலைகள், சர்க்கரை ஆலைகள் என்பதுதான். இன்று இ.ஐ.டி. பாரி என்று சுருக்கிச் சொல்கிறோமே, அந்த எழுத்துகளில் ஒன்று வடிசாலையைக் குறிப்பது பலருக்குத் தெரியாது. மிட்டாய்க்காக மட்டும் பாரியை நினைவு வைத்திருக்கிறோம்.

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சுவது கறுத்த, கெட்டியான மொலாசஸ். அதில் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்தால் நுரைத்துப் புளிக்கும். உயரமான தூண்களில் அதைத் திரும்பத் திரும்ப வடித்தால் 96 சதவீதம் அளவுக்குச் சுத்தமான ஸ்பிரிட் வரும். மணமும் இருக்காது, ருசியும் இருக்காது, எரிச்சல் மட்டும் இருக்கும். தொழிலில் இ.என்.ஏ. என்போம். நம் நாட்டில் விலை குறைந்த ஜின்னுக்கு அடிப்படை பெரும்பாலும் இதுதான். புதிதாக வந்த கோவா ஜின்காரர்கள் பலர் தானியத்தில் வடித்த ஸ்பிரிட்டை வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த வெறும் ஸ்பிரிட்டை ஜின் ஆக்குவது ஜுனிப்பர். அதையும் மற்ற மூலிகைகளையும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுச் செம்புக் கொப்பரையில் மறுபடி வடிப்பார்கள். சிலர் மூலிகையைக் கூடையில் வைத்து ஆவியை அதன் வழியே அனுப்புவார்கள். பாம்பே சஃபையர் அந்த வகை. வடிக்கும்போது முதலில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் மணம் வரும். நடுவில் ஜுனிப்பரும் கொத்தமல்லியும். கடைசியில் வேர்களின் மண்வாசனை. எங்கே தொடங்கிப் பிடிப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் வடிப்பவரின் கை தெரியும். விலை குறைந்த பல ஜின்களில் இந்த இரண்டாவது வடிப்பே கிடையாது. எசென்ஸைக் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். லண்டன் ஜின் என்று ஐரோப்பியச் சட்டப்படி எழுத வேண்டுமானால் வடித்த பிறகு எந்த மணமும் சேர்க்கக் கூடாது, சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. லண்டனில் வடிக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

3. மூக்கை நாட்டு மருந்துக் கடையில் பழக்கு.

இதுதான் என் அறிவுரைகளில் முக்கியமானது. லாரன்ஸ் ரோட்டிலோ பான்பரி மார்க்கெட் பக்கத்திலோ ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வால்மிளகு, அதிமதுரம், லவங்கப்பட்டை, ஏலக்காய், சுக்கு, தனியா, வெட்டிவேர் எல்லாவற்றிலும் சிறிது சிறிது வாங்கு. தனித்தனியாக இடித்து மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு வை. நாரத்தை, எலுமிச்சை, கமலாத் தோலையும் காயவைத்துச் சேர்த்துக்கொள். ஜுனிப்பர் மட்டும் இங்கே கிடைப்பது கடினம். காய்ந்ததை இணையத்தில் வரவழைக்கலாம். பார்க்கச் சிறு பழம் போலிருக்கும், உண்மையில் பைன் மரத்தின் கூம்பு வகையைச் சேர்ந்தது. செடியில் பழுக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். நகத்தால் கீறி முகர்ந்தால் பிசினும் மிளகும் கலந்த ஒரு மணம் வரும். அதை ஒருமுறை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பிறகு எந்த ஜின்னில் அது தூக்கலாக இருக்கிறது, எதில் பெயருக்கு இருக்கிறது என்று உனக்கே தெரிந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் யாரையாவது குப்பியை நீட்டச் சொல்லிப் பெயர் சொல்லிப் பழகு. ஒரு மாதம் செய். ஒரு சொட்டு மது வேண்டாம். தனியாவை இடித்ததும் எழும் எலுமிச்சை வாசம் நம் அடுக்களைகளில் பிறந்ததிலிருந்து இருக்கிறது, நாம் பெயரிட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வெட்டிவேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நொச்சிக்காடு, சித்திரைப்பேட்டை, தியாகவல்லி என்று நம் கடற்கரை மணலில் விளைவது. அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் போய் ஈர வேரை முகர்ந்து பார். பிறகு ராடிகோ கைத்தான் கம்பெனி 2018-இல் கொண்டுவந்த ஜெய்சால்மர் ஜின்னை முகர்ந்து பார். அதன் மூலிகைப் பட்டியலில் வெட்டிவேரும் இருக்கிறது, வால்மிளகும் இருக்கிறது. பாம்பே சஃபையரில் வால்மிளகு, அதிமதுரம், கொத்தமல்லி மூன்றும் உண்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பாட்டிலில் நம் ஊர்க் கடையின் பொட்டலங்கள் இருப்பதை மூக்கால் கண்டுபிடிப்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது. உனக்கும் அந்தச் சந்தோஷம் வாய்க்க வேண்டும். அது இல்லாமல் பாட்டில் சேர்த்துப் பயனில்லை.

4. டோனிக் ஊற்றாமல் முதலில் முகர், பிறகு ருசி.

15 மில்லி ஜின், அதே அளவு தண்ணீர், ஐஸ் வேண்டாம். ஆய்வுக்கூடத்திலும் நீர் சேர்த்துத்தான் முகர்வோம். ஆல்கஹாலின் காரம் தணிந்தால்தான் மணங்கள் பிரிந்து தெரியும். தண்ணீர் பட்டதும் சில ஜின்கள் லேசாகப் பால் பூத்தது போலக் கலங்கும். கெட்டுப்போய்விட்டதென்று கொட்டிவிடாதே. மூலிகை எண்ணெய் நிறைய இருந்தால் நீரில் கரையாமல் அப்படித் தெரியும்.

5. அளவு.

நம் நாட்டு ஜின் பெரும்பாலும் 42.8 சதவீதம். 30 மில்லியில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அந்தக் கணக்கு எப்போதும் தலையில் ஓடட்டும். தனியாகக் குடிக்காதே. துக்கத்தில் குடிக்காதே. வண்டிச் சாவி கையில் இருந்தால் முகர்வதோடு நிறுத்து. வீட்டில் குடியால் சீரழிந்த ஒருவர் இருந்தால், அல்லது சாயங்காலம் ஆனதும் உன் மனம் அலமாரிப் பக்கம் தானாகப் போகிறதென்றால், இந்த வழி உனக்கு வேண்டாம், தம்பி. காலிப் பாட்டில், பழைய லேபிள், கோலி சோடா பாட்டில் என்று சேர்க்க எவ்வளவோ இருக்கிறது. அதிலும் இதே அளவு சரித்திரம் உண்டு. இதை நான் மென்மையாகச் சொல்லத் தயாரில்லை. இந்த ஆசையில் இறங்கி மீளாதவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

6. மூன்று பாட்டிலோடு தொடங்கு.

பழைய லண்டன் பாணியில் ஒன்று: கார்டன்ஸ், டாங்கரே, பீஃப்ஈட்டர், எதுவானாலும் சரி. இரண்டாவது, இந்தியாவில் வடித்தது. 2017-இல் நாவோ ஸ்பிரிட்ஸ் கோவாவில் கிரேட்டர் தேன் கொண்டுவந்த பிறகுதான் இங்கே இந்த அலை எழுந்தது. அடுத்த ஆண்டே இமயமலை ஜுனிப்பரை வைத்து ஹபுசாவும், இன்னொரு கம்பெனியின் ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸும் வந்தன. மூன்றாவதாக முடிந்தால் இலங்கையின் கொழும்பு நம்பர் 7. 1924-இல் தொடங்கிய ராக்லேண்ட் வடிசாலையினர் செய்வது. இரண்டாம் உலகப் போரின்போது வெளியிலிருந்து சரக்கு வராததால் ஜுனிப்பரோடு உள்ளூர்ப் பட்டை, இஞ்சி, கறிவேப்பிலையைச் சேர்த்து வடித்த முறை என்று கம்பெனி சொல்கிறது. கறிவேப்பிலை மணக்கும் ஜின்னை ஒரு தமிழ் மூக்கு முகரும்போது கிடைக்கும் அனுபவம் ஐரோப்பியனுக்குக் கிடைக்காது.

இந்த மூன்றும் தீரும் வரை நான்காவது வாங்காதே.

7. ஜின்னுக்கு வயதாவதில்லை.

விஸ்கி மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து மாறுகிறது. பாட்டிலில் அடைத்த பிறகு அதுவும் மாறுவதில்லை. ஜின் பீப்பாய்க்கே போவதில்லை, சில விதிவிலக்குகள் தவிர. இன்று வடித்ததை ஓரிரு வாரத்தில் விற்கலாம். நல்ல ஒயின் போல உள்ளே கிடந்து மெருகேறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மூடிய பாட்டிலில் பல ஆண்டு கழித்து நடப்பதெல்லாம் இழப்புதான்: எலுமிச்சை வகை மணங்கள் மங்கும், மூடி தளர்ந்தால் அளவு குறையும், வெயில் பட்டால் ருசி தட்டையாகும்.

ஜின் சந்தையை முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம். லண்டனில் 2009-இல் சிப்ஸ்மித் என்ற சிறு வடிசாலை, சின்னக் கொப்பரைக்கு உரிமம் கிடையாது என்ற பழைய வழக்கத்தோடு போராடி உரிமம் வாங்கியது. வாசல் திறந்தது. பத்து ஆண்டுக்குள் பிரிட்டனில் மூலைக்கு மூலை ஜின் வடிசாலைகள். விஸ்கி வடிக்க ஆரம்பித்தவர்கள்கூடப் பீப்பாய் பழுக்கும் வரை கைச்செலவுக்கு ஜின் வடித்து விற்றார்கள். காத்திருக்க வேண்டாத சரக்கு என்றால் யாரும் இறங்கலாம். யாரும் இறங்கினால் சந்தை நிறைந்துபோகும். கலர் ஜின், பழ ஜின் என்று குவிந்தது, பிறகு வேகம் குறைந்தது, சிறு வடிசாலைகள் பல மூடப்பட்டன. கோவாவிலும் அதே பாதையின் தொடக்கத்தைத்தான் பார்க்கிறோம். வரியும் உரிமமும் அங்கே எளிது, லேபிள்கள் பெருகுகின்றன, பெரிய கம்பெனிகள் பங்கு வாங்குகின்றன. நாவோ ஸ்பிரிட்ஸில் டியாஜியோவின் இந்தியக் கம்பெனி 2022-இல் பங்கு எடுத்தது. இந்த லேபிள்களில் எவ்வளவோ மறையப் போகின்றன. மறைந்துபோனது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. வடித்தவரின் கை நன்றாக இருந்ததா என்று மட்டும் பார்.

8. ‘லிமிடெட் எடிஷன்’ என்று அச்சடிக்க ஓர் அச்சகம் போதும்.

ஆனாலும் நியாயமானவை உண்டு. ஜெர்மனியின் கறுப்புக்காட்டில் வடிக்கும் மங்கி 47, 2010-இல் வந்தது. 47 மூலிகை. 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் 48-ஆவதாக ஒரு மூலிகையைக் கூட்டி டிஸ்டிலர்ஸ் கட் என்று சிறு அளவில் விடுகிறார்கள். மருந்துக் கடைப் பாட்டில் போன்ற பழுப்புக் கண்ணாடி. இதை ஆண்டுவாரியாகச் சேர்க்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்தச் செய்முறைக்கு மூலகாரணம் என்று கம்பெனி சொல்லும் மான்ட்கமரி காலின்ஸ் 1909-இல் நம் மதராஸில் பிறந்த ஆங்கிலேயர் என்பது அவர்கள் சொல்லும் கதையின் பகுதி. நம் நாட்டில் கிரேட்டர் தேன்காரர்கள் காஷ்மீர் வில்லோ, அதாவது கிரிக்கெட் மட்டைக்கான மரம், அதைப் போட்டு ஊறவைத்து புரோக்கன் பேட் என்று ஒன்று விட்டார்கள். இதெல்லாம் வடித்தவர் ஏதோ முயன்று பார்த்ததன் அடையாளம். வாங்கலாம். இரண்டு வாங்கினால் ஒன்றைத் திற.

வெறும் பாட்டில் நிறம் மாற்றி, எண் போட்டு, பெட்டியில் வெல்வெட் வைத்து வருவதற்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதே.

9. பழைய பாட்டிலின் வயதைக் கண்ணாடியிலும் லேபிளிலும் படி.

காயலான் கடை, பழைய பேப்பர் கடை, இடிக்கிற வீட்டின் பரண் ஆகிய இடங்களில் காலிப் பாட்டில் கிடைக்கும். முதலில் பக்கவாட்டுக் கோட்டைப் பார். அச்சில் வார்த்த பாட்டிலில் இரு பக்கமும் மெல்லிய தையல் போன்ற கோடு ஓடும். அது கழுத்தோடு நின்றுவிட்டால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள். வாயின் விளிம்பு வரை ஏறிப் போனால் இயந்திரத்தில் செய்தது, 1903-இல் ஓவன்ஸ் இயந்திரம் அமெரிக்காவில் வந்த பிறகான காலம். அடிப்பாகத்தில் உடைத்தெடுத்த தழும்பு இருந்தால் இன்னும் பழையது.

அமெரிக்க பாட்டில்களில், இதை மறுபடி விற்பதும் உபயோகிப்பதும் சட்டப்படி தடை என்று கண்ணாடியிலேயே எழுத்து புடைத்திருந்தால் 1935-க்கும் 1964-க்கும் இடையில் வந்தது. பிரிட்டிஷ் லேபிளில் 70 டிகிரி ப்ரூஃப் என்றிருந்தால் 1980-க்கு முந்தையது. அது இன்றைய 40 சதவீதம். அதே கணக்கில் 75 டிகிரி என்பதுதான் நம்முடைய 42.8. எண்பது வயதுக் கலால்காரரிடம் கேட்டால் 25 அண்டர் ப்ரூஃப் என்பார், இரண்டும் ஒன்றே. 75 சென்டிலிட்டர் பாட்டில்கள் ஐரோப்பாவில் 1990-களின் தொடக்கத்தில் 70 ஆகச் சுருங்கின; நாம் 750 மில்லியிலேயே நிற்கிறோம். கார்டன்ஸ் பிரிட்டனில் 1992-இல் 37.5 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்கு முந்தைய பாட்டிலைத் தேடுகிறவர்கள் அந்தக் கூடுதல் பலத்துக்காகத் தேடுகிறார்கள்.

இந்திய லேபிளில் ‘இன்ன மாநிலத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்ற வரியை விடாமல் பார். பெரிய எழுத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்ற எச்சரிக்கையும் சேர்ந்திருந்தால் அது 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிக்குப் பிறகானது. மதராஸ் மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்து 1971 வரை நீடித்தது. பர்மிட் வைத்திருந்தவர்களுக்குத்தான் மது. ஆகவே 1950-களில் நம் ஊர்க் கடையில் வாங்கியது என்று யாராவது ஒரு பாட்டிலுக்குக் கதை சொன்னால், பர்மிட் யாருடையது என்று கேள்.

10. சதுரப் பாட்டில் எல்லாம் ஜின் பாட்டில் ஆகிவிடாது.

நம் கடற்கரையில் சேர்க்கிறவர்களுக்குப் பெரிய ஆசை டச்சுக்காரர்களின் சதுரப் பாட்டில். கீழே ஒடுங்கி மேலே அகன்றது, மரப்பெட்டிக்குள் இடைவெளியில்லாமல் அடுக்குவதற்காகச் சதுரமாகச் செய்தது. ஜின்னுக்கு முன்னோடியான ஜெனீவரை ஸ்கீடாம், ராட்டர்டாம் பக்கத்திலிருந்து கப்பலில் இப்படித்தான் அனுப்பினார்கள். 19-ஆம் நூற்றாண்டு பாட்டில்களின் தோளில் ஏ.வி.எச். போன்ற முத்திரை இருந்தால் ராட்டர்டாமின் வான் ஹோபோக்கன் கம்பெனி.

தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்து வியாபாரம் செய்தார்கள். பரங்கிப்பேட்டையிலும் இருந்தார்கள். ஆங்கிலேயர் 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்ற பேச்சு அப்படி வந்தது. இந்தக் கப்பல்காரர்கள் எல்லோரும் குடித்தவர்கள்தான். ஆனால் அதே சதுரப் பாட்டிலில் எண்ணெய், மருந்து, ஒயின், பட்டாவிய அராக் எல்லாம் போயிருக்கின்றன. முத்திரையோ லேபிளோ இல்லாமல் ஜின் என்று சொல்ல முடியாது. புதிதாக வார்த்து மண்ணில் புதைத்து எடுத்துப் பழசு என்று விற்பதும் நடக்கிறது. உண்மையான பழைய கண்ணாடியில் உள்ளே காற்றுக்குமிழ்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும். தேய்மானம் அடியிலும் தோளிலும் இருக்கும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது.

கோட்டை இடிபாட்டில் தோண்டாதே. நூறு ஆண்டு தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதைவிட, மண்ணில் எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் நீ பிடுங்கியதும் அழிந்துபோகிறது. கண்டால் படம் எடு, இடத்தைக் குறித்து வை, அருங்காட்சியகத்துக்குச் சொல்.

11. பிறர் திறந்த பாட்டிலைக் குடிக்காதே, காலிப் பாட்டிலை அப்படியே போடாதே.

விலையுயர்ந்த காலிப் பாட்டிலுக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. ஏன் என்று யோசித்தாயா? கலப்படக்காரன் வாங்குகிறான். உள்ளே எதையாவது ஊற்றி மூடி போட்டு மறுபடி விற்கிறான். அதனால் உனக்கு வேண்டாத காலியைத் தூக்கிப் போடும்போது லேபிளைக் கிழித்து, மூடியை நசுக்கு. டாஸ்மாக் பாட்டிலானால் 10 ரூபாய் திரும்பப் பெறும் திட்டம் இருக்கும் இடத்தில் கடையிலேயே கொடு. 2022-இல் நீலகிரியில் காட்டு விலங்குகளின் கால் கிழிவதைத் தடுக்கத் தொடங்கியது அந்தத் திட்டம்.

முத்திரை உடைந்த பழைய பாட்டில், பரணில் கண்டெடுத்த அரை பாட்டில், தெரிந்தவர் மூலம் மலிவாக வந்த அரிய பாட்டில் எதையும் வாயில் வைக்காதே. மெத்தனாலை மூக்கால் பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்து அளந்தவன் சொல்கிறேன், முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்தில். இரண்டும் நமக்குப் பக்கத்து மாவட்டம். அவர்கள் ஏழைகள், நம் பாட்டில்கள் விலையுயர்ந்தவை என்று எண்ணிக்கொள்ளாதே. விஷம் லேபிளைப் படிப்பதில்லை. குடித்தபின் பார்வை மங்கினாலோ வயிற்றைப் பிடித்து வலித்தாலோ ஒரு நிமிடம் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போ. என்ன குடித்தாய் என்பதை மறைக்காதே.

12. டோனிக்கின் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்.

மலேரியாவுக்காக வெள்ளைக்கார சிப்பாய்கள் கொயினாவில் ஜின் கலந்து குடித்தார்கள், அப்படித்தான் ஜின் டோனிக் பிறந்தது என்று எல்லாப் பாட்டில் கழுத்திலும் தொங்கவிடுகிறார்கள். ஆவணங்கள் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. கொயினா சேர்த்த சோடாவுக்கு எராஸ்மஸ் பாண்ட் என்பவர் லண்டனில் 1858-இல் காப்புரிமை வாங்கினார். ஜின்னும் டோனிக்கும் சேர்ந்து அச்சில் தென்படுவது 1868-இல், சியால்கோட் குதிரைப் பந்தயம் பற்றிய குறிப்பில். அங்கே அது கேளிக்கைப் பானம்.

நம் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவர, ஊட்டி அரசுத் தோட்டத்தின் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நடுவட்டத்தில் வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பட்டையை உரித்து அங்கேயே கொயினா எடுத்தார்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் நடுவட்டத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். இன்றைய டோனிக்கில் கொயினா மிகக் குறைவு. அமெரிக்காவில் லிட்டருக்கு 83 மில்லிகிராம் வரைதான் அனுமதி. மலேரியாவுக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவு அதிலிருந்து கிடைக்க 20 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். ஆகவே மருந்து என்று சொல்லிக்கொண்டு ஊற்றாதே. இதயத் துடிப்புக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டோனிக்கைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

13. கடற்கரை ஊரில் வைக்கும் விதம்.

உப்புக்காற்று தகர மூடியை அரிக்கும், லேபிளில் பூஞ்சணம் பூக்கும். கதவுள்ள மர அலமாரி, வெயில் படாத சுவர், பாட்டில் நின்ற வாக்கில். படுக்கவைத்தால் இந்த அளவு ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும். லேபிளைத் துணியால் துடைக்காதே. மெல்லிய பாலித்தீன் சுற்று போதும். தரைத்தளத்தில் வைக்காதே. 2015 வெள்ளத்தில் நம் மாவட்டம் என்ன பாடுபட்டது என்று உனக்குத் தெரியும். கீழ்த்தட்டில் இருந்தவற்றின் லேபிள்கள் நனைந்து உரிந்த பிறகு எந்தப் பாட்டில் எது என்றே சொல்ல முடியாமல் போன சேகரிப்பை நான் பார்த்திருக்கிறேன்.

14. நோட்டுப் புத்தகம் வை.

பாட்டிலின் பெயர், வடித்த ஊர், தொகுதி எண், சதவீதம், வாங்கிய இடம், நாள், ரசீது ஒட்டிய பக்கம். திறந்த நாள். முதல் முகர்ச்சியில் என்ன வந்தது, தண்ணீர் சேர்த்தபின் என்ன வந்தது, பாட்டில் பாதியானபோது என்ன மாறியிருந்தது. திறந்த பாட்டில் ஓர் ஆண்டுக்குள் மணம் இழப்பதை உன் கையெழுத்திலேயே பார்க்கலாம். ஒத்த பொருளைச் சொல்லும்போது உன் மூக்குக்குத் தெரிந்ததையே எழுது. உனக்கு மாவடு வாசம் அடித்தால் மாவடு என்று எழுது, பெருங்காயம் என்றால் பெருங்காயம். ஆங்கிலப் புத்தகத்தில் கண்ட பழங்களின் பெயரை, நீ வாழ்நாளில் தின்றிராததை, எழுதி வைக்காதே.

கடைசிப் பக்கத்தில் வீட்டாருக்கு ஒரு குறிப்பு எழுதி வை: எந்தெந்தப் பாட்டில் காலி, எது முழுசு, முழுசாக இருப்பதை யாரும் விற்கக் கூடாது, காலிப் பாட்டில்களில் எது எந்தப் பள்ளிக்கூடத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டும் என்று. அந்தப் பக்கத்தை உன் மனைவியோ கணவனோ அம்மாவோ ஒருமுறை படித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.